அண்ணாச்சி, பக்க எண் அவ்வளவு முக்கியமா?

போன இதழில், ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள், எதை எந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தோம் என்று காட்டுகிற ரெஃபரன்ஸ் பட்டியலைக் கடைசி ராத்திரியில் கூட்டி அள்ளி ஒட்டுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், நெல்லைச் சீமையில் தெருவுக்கு ஒருவர் தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். சினிமா, அரசியல் கேள்விகளுக்கு இந்த மாதம் லீவு.

அண்ணாச்சி, எங்கள் கைடு ஏ.பி.ஏ. முறையில் ரெஃபரன்ஸ் போடச் சொல்கிறார். பக்கத்து டிபார்ட்மென்டில் வான்கூவர் என்கிறார்கள். ஹார்வர்டு என்று ஒன்றும் இருக்கிறதாம். எதுதான் சரி? – முதுகலை விலங்கியல் மாணவி, அம்பாசமுத்திரம்

கைடு சொல்வதுதான் சரி. கட்டுரையை ஓர் இதழுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்த இதழ் சொல்வது சரி. இதில் தர்க்கம் பண்ணி ஜெயித்தவர் யாரும் இல்லை.

ரெஃபரன்ஸை எழுதுகிற முறைகள்தான் இவை மூன்றும் (ஏ.பி.ஏ. என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை). ஆனால் எல்லா முறையும் கேட்கிற சரக்கு ஒன்றுதான். ஒரு கட்டுரையை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். ராமன் விளைவைப் பற்றி நேச்சர் இதழில் 1928-ம் வருஷம் மார்ச் 31 அன்று வந்த கடிதம். எழுதியவர்கள் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். அது இன்றைக்கு விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவர் பிறந்த 1898-ல் அந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாதான், அதனால் உரிமையோடு எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையை வான்கூவர் முறையில் இப்படிப் போடுவார்கள்:

ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். புதுவகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு. நேச்சர். 1928;121:501-2.

தமிழ் வாசகருக்காகத் தலைப்பை மொழிபெயர்த்திருக்கிறேன். நீங்கள் எழுதும்போது மூலத்தில் இருக்கிறபடியே எழுத வேண்டும். 1928 வருஷம், 121 தொகுதி எண், அடுத்தது பக்கம். இதையே ஏ.பி.ஏ. முறையில் போட்டால் வருஷம் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் வந்து உட்காரும், தொகுதி எண்ணுக்குப் பக்கத்தில் இதழ் எண் 3048 அடைப்புக்குள் வரும், கடைசியில் டி.ஓ.ஐ. வரும். சரக்கு அதேதான், அடுக்குகிற விதம்தான் வேறு. வீட்டு விலாசத்தில் கதவு எண்ணை முதலில் எழுதுவதா, தெருவை முதலில் எழுதுவதா என்கிற மாதிரி. தபால்காரர் வந்து சேர்ந்தால் சரி.

டி.ஓ.ஐ. என்றதும் பலர் மிரளுகிறார்கள். அது கட்டுரைக்குக் கொடுத்த நிரந்தர எண். இதழின் இணையதளம் மாறினாலும், கம்பெனி கைமாறினாலும், அந்த எண் கட்டுரையிடம் கொண்டுபோய் விடும். எல்லாமே 10 என்றுதான் தொடங்கும். மேலே சொன்ன ராமன் கட்டுரையின் எண் 10.1038 என்று தொடங்கி, சாய்கோடு போட்டு, 121501 என்று போகும். அதற்குப் பின்னால் ஓர் எழுத்தும் ஒரு சுழியமும் உண்டு. 1038 பதிப்பாளரின் எண். அடுத்ததை உற்றுப் பாருங்கள்: தொகுதி 121, பக்கம் 501. எல்லா டி.ஓ.ஐ.யும் இப்படிப் பிரித்துப் படிக்கிற மாதிரி இருக்காது. இது பழைய நேச்சர் கட்டுரைகளின் அழகு. டி.ஓ.ஐ. முடிந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள். அதையும் எண்ணோடு சேர்த்து நகலெடுத்துவிட்டு, திறக்கவில்லை என்று வந்து நிற்பார்கள்.

ஹார்வர்டு கதை ஒரு வரியில்: ஆசிரியர் பெயரையும் வருஷத்தையும் அடைப்புக்குள் போடும் பழக்கத்துக்கு முதல் உதாரணமாகக் காட்டுவது, அங்கே விலங்கியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-ல் எழுதிய கட்டுரையைத்தான். கட்டுரை தோட்டத்து ஓடில்லா நத்தையைப் பற்றியது. ஆக, இது உங்கள் டிபார்ட்மென்ட் சொத்து. வான்கூவர் முறை 1978-ல் அந்த ஊரில் மருத்துவ இதழாசிரியர்கள் கூடிப் பேசியதால் வந்த பெயர்.

இன்னொன்று. ராமன் விளைவு என்றாலே எல்லோரும் ஒரே ரெஃபரன்ஸைத்தான் போடுகிறார்கள். அதே 1928-ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில், தொகுதி 2, பக்கம் 387 முதல் 398 வரை, ராமன் மட்டும் எழுதிய கட்டுரையும் இருக்கிறது. இரண்டும் வேறு. எதிலிருந்து எடுத்தீர்களோ அதைப் போடுங்கள். இரண்டின் பக்க எண்ணையும் கலந்து புதிதாக மூன்றாவது ஒன்றை உண்டாக்கிவிடாதீர்கள். அப்படி ஒன்றை ஒரு தீசிஸில் பார்த்திருக்கிறேன்.

நான் எழுதிய கட்டுரையை மற்றவர்கள் ரெஃபரன்ஸ் போடும்போது என் பெயருக்குப் பதிலாக என் அப்பா பெயர் வருகிறது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் அழுகை வருகிறது. – ஆய்வு மாணவி, சங்கரன்கோவில்

அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் இது நம் ஊர் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிற தலைவலி. இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான் உண்டு. கட்டத்தைக் காலியாக விட்டால் அது விடாது. நீங்கள் நல்ல பிள்ளையாக இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுதியிருப்பீர்கள். ரெஃபரன்ஸ் எழுதுகிறவருக்குக் கடைசிப் பெயர்தான் முழுசு, முதல் பெயர் வெறும் ஓர் எழுத்து. அப்பா முழுசாக வந்து உட்கார்ந்தார், நீங்கள் ஓர் எழுத்தாகச் சுருங்கினீர்கள்.

இதைவிட மோசம், கடைசிக் கட்டத்தில் இனிஷியலை மட்டும் போடுவது. பெயர் முத்துலட்சுமி, இனிஷியல் எஸ் என்று வைத்துக்கொள்வோம். ரெஃபரன்ஸில் 'எஸ், எம்.' என்று வரும். யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாது.

செய்ய வேண்டியது: உங்கள் பெயரைக் கடைசிக் கட்டத்திலும் இனிஷியலை முதல் கட்டத்திலும் போடுங்கள். 'முத்துலட்சுமி எஸ்' என்று ஒழுங்காக வரும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வானியற்பியல் ஆராய்ச்சிக்காக இயற்பியல் நோபல் வாங்கிய எஸ். சந்திரசேகரைப் பாருங்கள். எஸ் என்பது அவர் அப்பா சுப்ரமணியன். உலகம் முழுக்க சந்திரசேகர் எல்லை என்றுதான் சொல்கிறார்கள், சுப்ரமணியன் எல்லை என்று யாரும் சொல்வதில்லை.

எந்த வடிவமோ, முதல் கட்டுரையில் முடிவு பண்ணிவிட்டுக் கடைசி வரைக்கும் மாற்றாதீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியலை மாற்றச் சொல்வார்கள். ரேஷன் கார்டில் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், கட்டுரையில் வேண்டாம். ஆர்கிட் என்று, கட்டுரை எழுதுகிறவரை அடையாளம் காட்டும் 16 இலக்க எண் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள், 2012 முதல் இருக்கிறது. இன்றைக்கே வாங்கிவிடுங்கள். பெயர் எப்படிக் குழம்பினாலும் எண் குழம்பாது. ஏற்கெனவே வந்த கட்டுரைக்கு இதழாசிரியருக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள், ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கிற ஸ்கோபஸ் தளத்திலும் ஆசிரியர் விவரத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு கட்டுரையில் 'டாகின்சியா தாம்பிரபர்ணியி (சைலஸ், 1954)' என்று மீன் பெயர் பார்த்தேன். பின்னால் பட்டியலில் சைலஸ் இல்லை. விட்டுவிட்டார்களா? – உயிரியல் ஆசிரியர், விக்கிரமசிங்கபுரம்

நல்ல கண் சார் உங்களுக்கு. அது ரெஃபரன்ஸ் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறதே தவிர, ரெஃபரன்ஸ் இல்லை. உயிரினப் பெயரின் ஒரு பகுதி. அந்த மீனுக்கு முதன்முதலில் பெயர் வைத்து விவரித்தவர் சைலஸ், வருஷம் 1954 என்று அர்த்தம். நம் தாமிரபரணியின் பெயரைச் சுமக்கிற கெண்டை வகை மீன்.

அடைப்புக்குறிக்கு ஒரு கதை இருக்கிறது. உயிரினப் பெயரில் முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். சைலஸ் அதைப் புன்டியஸ் என்ற பேரினத்தில் வைத்தார். 2012-ல் பெத்தியகொடவும் கூட இருந்தவர்களும் அந்தக் கூட்டத்தைப் பிரித்து டாகின்சியா என்று புதுப் பேரினம் உண்டாக்கினார்கள். உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸைக் கௌரவித்து வைத்த பெயர். விலங்குகளில் இப்படிப் பேரினம் மாறினால், முதலில் பெயர் வைத்தவரை அடைப்புக்குள் போடுவது விதி. மாறாவிட்டால் அடைப்பு கிடையாது. லின்னேயஸ் 1758-ல் மனிதனுக்கு வைத்த பெயர் அப்படியே நிற்கிறது, அதனால் அங்கே 'லின்னேயஸ், 1758' என்று அடைப்பு இல்லாமல் எழுதுவார்கள். முண்டந்துறைப் புலிக்கு அடைப்பு உண்டு, ஏனென்றால் லின்னேயஸ் புலியைப் பூனையோடு சேர்த்து ஃபெலிஸ் என்று வைத்திருந்தார், பிற்பாடு பாந்தெரா ஆனது. பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், பரீட்சையில் வராது, ஆனால் மறக்க மாட்டார்கள்.

இப்படிப் பெயரோடு ஒட்டி வருகிறவர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிற இதழ்களும் உண்டு, கேட்காத இதழ்களும் உண்டு. சைலஸின் கட்டுரையை எடுத்துப் படித்து அதிலிருந்து செதில் கணக்கு, அளவு என்று ஏதாவது சொன்னீர்களென்றால் அப்போது அது நிஜமான ரெஃபரன்ஸ். பட்டியலில் கட்டாயம் வர வேண்டும்.

மற்றவர்கள் கட்டுரைகளைத் தொகுத்து அலசுகிற ஒரு ரிவ்யூ கட்டுரையில் 140 ரெஃபரன்ஸ் இருக்கிறது. அதிலிருந்து எனக்கு வேண்டிய 30-ஐ எடுத்து என் பட்டியலில் போட்டுக்கொண்டேன். பக்க எண்ணையெல்லாம் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? – 'நேர்மையான சோம்பேறி', வள்ளியூர்

கையெழுத்துப் போட்ட விதமே பிடித்தது. உங்களுக்காக ஒரு பழைய கதை.

1993. இணையம் கிடையாது. எங்கள் கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவருக்கு நன்னீர் நத்தை பற்றி ஒரு கட்டுரை வேண்டும். ஒரு தீசிஸின் பின்பக்கத்தில் இருந்த ரெஃபரன்ஸைப் பார்த்து, தொகுதி, வருஷம், பக்கம் 347 என்று அட்டையில் எழுதினேன். பெங்களூரில் ஒரு பெரிய நூலகத்துக்குக் கடிதம் போட்டு, ஜெராக்ஸுக்கும் தபாலுக்கும் மணியார்டர் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து உறை வந்தது. ஆசிரியர் ஆசையாகப் பிரித்தார். உள்ளே ஆட்டுக் குடலில் இருக்கிற நாடாப்புழு பற்றி 4 பக்கம். எங்கள் அட்டெண்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், நத்தைன்னியோ, ஆட்டுக்குடல்லா வந்திருக்கு" என்றார்.

கட்டுரை இருந்தது 374-ம் பக்கத்தில். எண் இடம் மாறியிருக்கிறது. சரி, மனுஷர்கள் கை தவறும். எனக்கு உறைத்தது அதற்கப்புறம்தான். எங்கள் அலமாரியிலேயே அதே கட்டுரையைச் சொல்கிற வேறு இரண்டு தீசிஸ்கள் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் 347. மூன்று பேர், மூன்று வைவா, மூன்று பட்டம். ஒருவர்கூட அந்த நத்தையை நேரில் பார்க்கவில்லை.

நான் கண்டதைக் கணக்காகவே போட்டுக் காட்டிய இரண்டு பேர் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த சிம்கினும் ராய்சௌத்ரியும் 2003-ல் வெளியிட்டார்கள். பேர்பெற்ற ஒரு கட்டுரையை மற்றவர்கள் ரெஃபரன்ஸ் போட்ட 4,300 இடங்களைப் பார்த்தார்கள். 196 இடங்களில் எழுத்துப்பிழை. ஆனால் அந்த 196-ல் விதவிதமான பிழைகள் 45 மட்டும்தான். ஒரே ஒரு பக்க எண் பிழை 78 தடவை திரும்பத் திரும்ப வந்திருந்தது. 78 பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே மாதிரி தப்பு செய்ய முடியுமா? பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனின் தப்பையும் சேர்த்துக் காப்பியடித்து மாட்டிக்கொள்கிற கதைதான். ரெஃபரன்ஸ் போடுகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதை அவர்களின் மதிப்பீடு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, யார் சரிபார்ப்பார்கள் என்றால், பக்க எண் தானாகவே உங்களைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் 30-ல் எதைத் திறந்து பார்த்தீர்களோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூலம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, ரிவ்யூவில் படித்ததைத்தான் சொல்கிறீர்கள் என்றால், 'இன்னார் சொன்னதாக இன்னார் கட்டுரையில்' என்று எழுதிவிட்டு, பட்டியலில் ரிவ்யூவை மட்டும் போடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 30 என்பது 12 ஆகும். கைடு முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சாட்ஜிபிடி எனக்கு 12 ரெஃபரன்ஸ் கொடுத்தது. தேடினால் 5 கட்டுரைகள் எங்கேயுமே இல்லை. ஆனால் ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி எல்லாம் கச்சிதமாக இருக்கிறதே! – நர்சிங் மாணவி, மேலப்பாளையம்

அல்வா கொடுத்திருக்கிறது. திருநெல்வேலிக்காரருக்கே அல்வா. (இந்த ஒரு தடவை மட்டும் அந்த ஜோக்குக்கு அனுமதி.)

அது கட்டுரைகளைத் தேடி எடுத்துத் தரவில்லை. ரெஃபரன்ஸ் எப்படித் தெரியுமோ அப்படி ஒன்றை எழுதித் தருகிறது. உருவம் கச்சிதமாகத்தான் இருக்கும், உருவம்தானே அதற்குத் தெரியும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டு 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் கம்ப்யூட்டரை மட்டும் திட்ட முடியாது. அதற்கு முன்னாலேயே மனிதர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். ஒரு பெரிய பதிப்பகம், ரெஃபரன்ஸ் எப்படிப் போடுவது என்று காட்டுவதற்காக மாதிரிக்கு ஒன்றைக் கற்பனையாக எழுதி வைத்திருந்தது. ஆசிரியர் வான் டெர் கீர், வருஷம் 2000, விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை என்று தலைப்பு. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் அந்த மாதிரித் தாளில் தங்கள் பட்டியலை நிரப்பும்போது உதாரணத்தை அழிக்க மறந்து, மறந்து, ஏறக்குறைய 400 கட்டுரைகளில் அது ரெஃபரன்ஸாக ஏறிவிட்டது. 2017-ல் ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் இதைத் தோண்டி எடுத்தார். இல்லாத கட்டுரை 400 பேரிடம் பெயர் வாங்கிவிட்டது. இருக்கிற கட்டுரையை எழுதிவிட்டு ஒருவர் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் செய்தது சரி. ஒவ்வொன்றையும் தேடினீர்கள். மீதி 7-லும் டி.ஓ.ஐ.யைத் தட்டித் திறந்து, வருகிற கட்டுரையின் தலைப்பு அதுதானா என்று பாருங்கள். உண்மையான எண் வேறு கட்டுரைக்குச் சொந்தமாக இருக்கும் கூத்தும் நடக்கிறது. அப்புறம் ரெஃபரன்ஸ்களைச் சேர்த்து வைக்கிற ஸோட்டெரோ என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். நம்ப முடியாது என்று இதழே திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் பட்டியலில் இருந்தால் சிவப்பாகக் காட்டும். நர்சிங் படிக்கிறவருக்கு இது முக்கியம். கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மருந்து பற்றி லான்செட் மருத்துவ இதழில் 2020 மே மாதம் வந்த கட்டுரையை ஜூன் முதல் வாரத்திலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ரெஃபரன்ஸ் பட்டியல் நீளமாக இருந்தால் பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) சதவீதம் ஏறுமா? – தென்காசி வாசகர்

யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி ரெஃபரன்ஸ் பட்டியலும், முறையாக யாருடையது என்று சொல்லி எடுத்தாண்ட பகுதியும் கணக்கில் வராது. மிச்சத்தில் மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரைக்கும் என்றால் தண்டனை இல்லை. மென்பொருளில் பட்டியலை விலக்கும் பொத்தானை அழுத்தினார்களா என்று நூலகரிடம் கேளுங்கள். பாதி நேரம் அழுத்தியிருக்க மாட்டார்.

ஆங்கிலத்தில் எழுதும் தீசிஸில் தமிழ் ஆய்விதழ்க் கட்டுரையை எப்படிப் போடுவது? – தமிழ்த்துறை மாணவர், சேரன்மகாதேவி

ஏ.பி.ஏ. முறையில், தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துவிட்டு, பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பைக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் போடாதீர்கள், அதை வைத்துக்கொண்டு அந்தக் கட்டுரையை யாராலும் தேட முடியாது.

பதநீர் பற்றி ஆய்வு செய்கிறேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு எவ்வளவு தடவினால் புளிக்காது என்று விவரமாகச் சொன்னவர் உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறி. ஆய்விதழ்களில் இல்லாத நுணுக்கமெல்லாம் சொன்னார். அவரை எப்படி ரெஃபரன்ஸ் போடுவது? ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். – ஆய்வு மாணவர், திசையன்விளை

ஏ.பி.ஏ.யில் இதற்கு இடம் இருக்கிறது. தனிப்பட்ட தகவல் என்று பெயர். கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் அவர் பெயர், தனிப்பட்ட தகவல், பேசிய தேதி என்று போட வேண்டும். கடைசிப் பட்டியலில் வராது, ஏனென்றால் படிக்கிறவர் அந்தப் பேச்சைப் போய்த் தேடி எடுக்க முடியாது. பெயர் போடச் சம்மதமா என்று முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேசிய தேதியை நோட்டில் குறித்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்னொரு நடை போய்விட்டு வாருங்கள், பதநீரும் கிடைக்கும்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பேராசிரியர்கள் 11 பேர் இனிஷியலோடு வருகிறார்கள். அவர் மட்டும் 'பனையேறி ஒருவர்' என்று நிற்கிறார். அவருக்கும் இனிஷியல் இருக்கும் தம்பி, கேட்டுப் பாருங்கள்.